முனியராஜ் திருத்திய ஜாதகம்

சாத்தூருக்குப் பக்கத்தில் அச்சங்குளத்தில், எங்கள் தெருவில் மேற்கிலிருந்து நான்காவது வீடு முனியராஜுடையது. வயது அறுபத்திரண்டு. சிவகாசியில் தினசரிக் காலண்டர் அச்சடிக்கும் ஒரு கம்பெனியில் 1984 ஜூன் முதல் 2019 மார்ச் வரை, முப்பத்து நான்கு ஆண்டு பத்து மாதம், புரூஃப் பார்த்தவர்.

காலண்டரில் ஒரு தாளைக் கிழித்துப் பார்த்தால் தெரியும், அதில் எத்தனை விஷயம் இருக்கிறது என்று. தமிழ்த் தேதி, கிழமை, நட்சத்திரம் எத்தனை நாழிகை, திதி எத்தனை நாழிகை, யோகம், ராகு காலம், எமகண்டம், குளிகை, எந்தத் திசையில் சூலம், அதற்கு வெல்லமா தயிரா, அன்று யாருக்குச் சந்திராஷ்டமம். இப்படி முன்னூற்று அறுபத்தைந்து தாள். ஆடிப் பதினெட்டுக்கு அடுத்த வருடக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் வெளியே வந்தாக வேண்டும் என்பதால் சித்திரை, வைகாசியில் முனியராஜ் தலை நிமிராமல் உட்கார்ந்திருப்பார். அந்தத் தாள்களுக்கு மூலம் எழுதித் தருகிற பஞ்சாங்கக்காரர் 1991-ஆம் ஆண்டு மார்கழி மாதத்துக்கு ஒரு நாளின் நட்சத்திரத்தை விட்டுவிட்டு அடுத்த நாளுக்குப் போய்விட்டார். முனியராஜ் அதைக் கண்டுபிடித்து, சிவப்பு மையால் சுழித்து, ஓரத்தில் 'திருவாதிரை எங்கே?' என்று எழுதி அனுப்பினார். பஞ்சாங்கக்காரர் நேரில் வந்து ஆளைப் பார்த்துவிட்டு, "படிச்சுக்கிட்டே சும்மா இருக்கியே, கணிக்கவும் கத்துக்கோ" என்று சொல்லிக்கொடுத்தார். இவருக்கு ஜோதிடம் வந்த வழி அது.

கல்யாணப் பொருத்தம், வேலை, வீடு கட்டுவது என்று யாராவது வந்தால் முனியராஜ் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுவார். உடம்பு விஷயம் மட்டும்தான் பார்ப்பார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"அண்ணாச்சி, கல்யாணம் நல்லாருக்கும்னு சொன்னா, நான் சொன்னது சரியா தப்பான்னு தெரிய இருபது வருசம் ஆகும். உடம்புன்னா ஒரு ரத்த டெஸ்டுல தெரிஞ்சுரும். சரிபாக்க முடியாததை நான் எதுக்குச் சொல்லணும்?"

அவர் பரிகாரம் சொல்வதில்லை. தகடு, தாயத்து எதுவும் கிடையாது. ஜாதகத்தில் ஆறாம் இடம், எட்டாம் இடம், லக்னம், அதன் அதிபதி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, உடம்பில் எந்த இடத்தைச் சோதிக்கச் சொல்ல வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தருவார். அதோடு ஒரு நிபந்தனை. டாக்டர் என்ன சொன்னார் என்று திரும்பி வந்து சொல்ல வேண்டும். அதற்காக ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறார். முதல் பத்தியில் ஜாதகம் சொன்னது, இரண்டாவதில் டாக்டர் சொன்னது, மூன்றாவதில் 'சரி' அல்லது 'தவறு'. தவறு என்பதைச் சிவப்பு மையில் எழுதுவார். பழக்கம்.

பார்த்ததற்கு என்று அவர் எதையும் வாங்குவதில்லை. வருகிறவர்கள் சாத்தூர்ச் சேவு ஒரு பொட்டலம் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். அவர் மனைவி வேலுத்தாய்க்கு அதில் ஒரு குறை.

"ஊருக்கெல்லாம் வயித்தைப் பாக்காரு. இவரு வயித்துல எம்புட்டுச் சேவு கெடக்குன்னு எந்தக் கட்டத்துல தெரியும்னு கேளுங்க அண்ணாச்சி."

"ரெண்டாம் எடம். வாயும் சோறும் அங்கனதான்" என்பார் முனியராஜ், சேவை மென்றுகொண்டே.

பாண்டிச்செல்வி அந்த வீட்டுக்கு வந்தது 2023 நவம்பர் 19, ஞாயிற்றுக்கிழமை. தீபாவளி முடிந்து ஒரு வாரம். பட்டாசு ஆலைகளுக்கெல்லாம் விடுமுறை. ஞாயிறு காலையில் நான் அங்கே பேப்பர் படிக்கப் போவது வழக்கம். பத்து மணிக்குக் குருவம்மாள் மகளைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்தாள். குருவம்மாள் எங்கள் பட்டாசுக் கம்பெனியில் குழாய் சுற்றுகிற செட்டில் இருபத்தோரு வருடம் இருந்தவள். நான் அங்கே டைம் ஆபீசில் இருந்ததால் அவளை நன்றாகத் தெரியும். மகள் பாண்டிச்செல்விக்கு முப்பத்தொரு வயது. வெம்பக்கோட்டைப் பக்கம் ஓர் ஆலைக்குப் பதினொரு வருடமாகப் போய்க்கொண்டிருந்தவள், ஆவணியில் நின்றுவிட்டாள். முகம் உப்பியிருந்தது. கழுத்து வரை போர்வை.

"என்ன குருவம்மா, மக போர்வையோட வந்துருக்கு?" என்றேன்.

"குளிருதாம் அண்ணாச்சி. நம்ம ஊரு வெயில்ல, இவளுக்கு மட்டும் குளிருதாம்."

வேலுத்தாய் ஒரு செம்பில் தண்ணீர் கொடுத்தாள். பாண்டிச்செல்வி போர்வையை விலக்கி, அண்ணாந்து குடித்தாள். முனியராஜ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது சுவர்க் கடிகாரத்தில் 10.12.

"தாயி, குரல் எம்புட்டு நாளா இப்படி இருக்கு?"

"ஆடியிலருந்து, மாமா." ஜலதோஷம் பிடித்த ஆணின் குரல் போல இருந்தது.

"குருவம்மா, நாளைக்கே சாத்தூர் ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. ரத்தம் எடுத்துப் பாக்கச் சொல்லு."

கட்டத்தைத் திறக்காமல் அவர் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. குருவம்மாள் எழுந்திருக்கவில்லை.

"அதுக்காண்ணே உங்ககிட்ட வந்தோம்? ரத்தம் கொறைச்சல்னு ஒருத்தரு மூணு மாசம் மாத்திரை கொடுத்தாரு. ஒண்ணும் கேக்கலை. பெறகு வெளியூர்ல ஒரு சோசியருகிட்டப் போனோம். எட்டுல சனியாம். எம்பது வயசு வரைக்கும் இருப்பாளாம். ஆனா தீராத வியாதியோடதான் இருப்பாளாம். மருந்து, ஊசி எதுவும் நிக்காதாம். பெறகு எதுக்கு ஆசுபத்திரிக்கு அலையணும்? சும்மா கெடக்கட்டும்னு விட்டுட்டேன்."

"எம்பது வரைக்கும் எப்படி மாமா இப்படியே கெடக்க?" என்றாள் பாண்டிச்செல்வி. "காலையில எந்திரிச்சு வாசலைக் கூட்டுனா திரும்பப் படுக்கணும் போல இருக்கு. எம்பதுன்னா இன்னும் நாப்பத்தொம்போது வருசம்ல."

அவள் அழவில்லை. கணக்குச் சொல்வது போலத்தான் சொன்னாள்.

"சோசியம் வேற, டெஸ்டு வேற. நீ போயி டெஸ்டு எடு" என்றார் முனியராஜ்.

"நீங்களும் கட்டத்தைப் பாத்துட்டுச் சொல்லுங்கண்ணே. நீங்க பாத்து எட்டுல சனி இல்லைன்னு சொன்னா, இப்பவே பஸ் ஏறுதேன். இருக்குன்னு சொன்னா வீட்டுக்குப் போறேன். இவ்வளவுதான்."

முனியராஜ் பிறந்த விவரத்தை வாங்கினார். 1992 ஜூன் 2, செவ்வாய்க்கிழமை. ஆங்கீரச வருடம் வைகாசி 20. அச்சங்குளத்தில், வீட்டில், காலை ஏழு மணி. அந்த வருடத்துப் பஞ்சாங்கம் அவரிடம் உண்டு. புரூஃப் பார்த்த எல்லா வருடத்துப் பஞ்சாங்கமும் உண்டு. கணித்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. மிதுன லக்னம். மகரத்தில் சனி. மிதுனத்திலிருந்து எண்ணினால் மகரம் எட்டு. அந்த வெளியூர் ஜோதிடர் சொன்னதில் பிழையில்லை.

முனியராஜ் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அடுக்களைப் பக்கம் போனார். வேலுத்தாய் தணிந்த குரலில் பேசியது எனக்குக் கேட்டது.

"எட்டுல இல்லைன்னு சொல்லிட்டாத்தான் என்னவாம்? அந்தப் புள்ள மூஞ்சியைப் பாத்தீகளா?"

"இருக்குறதை இல்லைன்னு எப்படிச் சொல்ல?"

"ஒரு பொய்யில ஒரு உசுரு பொழைக்கும்னா சொன்னாத்தான் என்ன?"

"நாளைக்கு அவ வேற சோசியருகிட்டப் போவா. அவரு எட்டுலதான்னு சொல்வாரு. அன்னைக்கே மாத்திரையை நிறுத்திருவா. அச்சுல தப்பு இருந்தாத்தான் நான் திருத்துவேன் வேலுத்தாயி. தப்பு இல்லாத எடத்துல கை வச்சா அது தப்பாயிரும்."

"பெரிய அச்சாபீசு. தப்பு இருக்கான்னு தேடவாச்சும் செய்யிங்க."

முனியராஜ் திரும்பி வந்து உட்கார்ந்தார். ஜாதகம் பார்ப்பதில் அவருக்கு ஒரு முறை உண்டு. வரப்போகிறதைச் சொல்லும் முன் நடந்து முடிந்ததை ஜாதகத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். மூலத்தையும் புரூஃபையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பது போல. இரண்டும் ஒத்துப்போனால்தான் மேலே போவார்.

"தாயி, மிதுனம்னா தோளு, கை, மூச்சு. சின்னதுல உனக்கு எளைப்பு உண்டா? சளி கட்டுமா?"

"இல்லை மாமா."

"கை முறிஞ்சிருக்கா? தோள்பட்டை வலி?"

"வேலைக்குப் போன பதினோரு வருசமும் பெட்டி தூக்குனது நான்தான். ஒருநாள் வலின்னு உக்காந்ததில்லை."

"எட்டுல சனின்னா சின்ன வயசுலருந்தே சீக்காளியா இருக்கணுமே. பள்ளிக்கூடத்துக்கு அடிக்கடி லீவு போட்டுருக்கியா?"

குருவம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "இவளா? ஓட்டப்பந்தயத்துல கப்பு வாங்குனவண்ணே. வீட்டுல இருக்கு, கொண்டாந்து காட்டவா?"

"ஒண்ணுகூட ஒட்டலை" என்றார் முனியராஜ். முகத்தில் லேசாக ஒரு தெளிவு வந்தது. "குருவம்மா, ஏழு மணின்னு உனக்கு எப்படித் தெரியும்? வீட்டுல கடிகாரம் இருந்துச்சா?"

"கடிகாரம் ஏதுண்ணே அப்ப? சங்குதான். புள்ள விழவும் கம்பெனிச் சங்கு ஊதவும் ஒண்ணா இருந்துச்சு. காலையில ஊதுறது ஏழு மணிச் சங்குதான? அதை வச்சுத்தான் ஏழுன்னு எழுதுனோம்."

எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் பிறந்த பாதிப் பேருடைய நேரம் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கும். ஏழு மணி, பன்னிரண்டரை, ஐந்து. ஆலைச் சங்கு ஊதிய மூன்று நேரங்கள்.

முனியராஜ் என் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, வைகாசியில..."

அவர் முடிக்கும் முன்பே நான் எழுந்துவிட்டேன். வெயில் காலத்தில் எங்கள் ஆலையில் சங்கு அரை மணி முன்னால் ஊதும். வெடிமருந்துக் கலவை வேலையை வெயில் ஏறுமுன் முடித்தாக வேண்டும். சூடு கூடினால் ஆபத்து. ஒவ்வொரு வருடமும் பங்குனிக் கடைசியில் ஆறரைக்கு மாற்றி, மே 31-இல் பழையபடி ஏழுக்குக் கொண்டுவருவார்கள். ஆனால் இவள் பிறந்தது ஜூன் 2. வழக்கப்படி என்றால் அன்று ஏழு மணிதான். அதைத் தெரிந்துகொண்டுதான் வீட்டுக்கு நடந்தேன். மனதில் நம்பிக்கை பாதிதான்.

சங்கு ஊதிய நேரத்தையும் தாமதமாக வந்தவர்களையும் எழுதிய புத்தகங்கள், ஆலை கைமாறியபோது எடைக்குப் போக இருந்தவை. கேட்டு வாங்கி வந்து பீரோவில் வைத்திருக்கிறேன். 1992 புத்தகத்தை எடுத்து அங்கேயே நின்று பார்த்தேன். பிறகு அதைக் கொண்டுபோய் முனியராஜ் முன்னால் விரித்துவைத்தேன்.

ஜூன் 1, திங்கள்: 'மழை இல்லை. வெயில் நேரம் 13-ஆம் தேதி வரை நீட்டிப்பு. மேனேஜர் உத்தரவு.' ஜூன் 2, செவ்வாய்: 'முதல் சங்கு 6.30. வானொலி நேரத்துடன் சரி.'

முனியராஜ் விரலை வரி மேல் வைத்து மூன்று முறை படித்தார். "ஆறு அம்பத்தொண்ணு வரைக்கும் ரிஷப லக்னம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு குருவம்மாளைப் பார்த்தார். "இவ பொறந்தது சங்கு ஊதும்போதுதான்னு நிச்சயமாத் தெரியுமா? சங்கு ஊதி அரை மணி கழிச்சு இல்லையே?"

"நல்லாக் கேட்டீக. பிரசவம் பாத்தது அடுத்த வீட்டு மாரிக்கனி. அவளும் கம்பெனிக்காரிதான. சங்குச் சத்தம் கேக்கவும், கொடியை அறுத்துக் கட்டிட்டு, புள்ளையைத் தொடைச்சு என் பக்கத்துல போட்டுட்டு, கேட்டை அடைச்சுருவாகன்னு சீலையைத் தூக்கிச் சொருகிட்டு ஓடுனா பாருங்க. எனக்கு அந்த வலியிலயும் சிரிப்பு வந்துருச்சு."

நான் புத்தகத்தில் அதே தேதியின் கடைசி வரியைக் காட்டினேன். 'தாமதம்: ஒருவர். மாரிக்கனி, திரி செட், 6.41. அனுமதி.' பத்து நிமிடத்துக்கு மேல் யாரையும் உள்ளே விடுவதில்லை. அன்று பதினோராவது நிமிடத்தில் விட்டிருக்கிறேன். ஏன் என்று எழுதவில்லை. கையில் ரத்தத்தோடு வந்திருப்பாள் போல.

"ஆறு நாப்பத்தொண்ணுக்கு அவ கேட்டுல நின்னுருக்கா" என்றார் முனியராஜ். "அப்ப இவ அதுக்கு முன்னாலயே பொறந்தாச்சு. ஆறு அம்பத்தொண்ணுக்கு இன்னும் பத்து நிமிசம் கெடக்கு."

அவர் புதுத் தாள் எடுக்கவில்லை. எழுதிய கட்டத்தின் மேலேயே சிவப்பு மையால் 'மிதுனம்' என்பதை அடித்து, மேலே 'ரிஷபம்' என்று எழுதினார். காலண்டர்த் தாளைத் திருத்துவது போலவே ஓரத்தில் ஒரு கோடு இழுத்து, நேரத்தையும் தேதியையும் குறித்தார். பிறகு குருவம்மாள் பக்கம் தாளைத் திருப்பினார்.

"இங்கன பாரு. ரிஷபத்துலருந்து எண்ணு. மகரம் ஒம்போது. ஒம்போதுல சனி, சொந்த வீட்டுல. ரிஷப லக்னத்துக்குச் சனி நல்லதுதான் செய்வாரு. எட்டுல சனி இல்லை."

குருவம்மாள் விரல் விட்டு எண்ணினாள். இரண்டாம் முறையும் எண்ணினாள்.

"ரிஷபம்னா முகமும் கழுத்தும்" என்றார் முனியராஜ். "அதுக்கு அதிபதி சுக்கிரன் அங்கனதான் இருக்காரு. ஆனா சூரியனுக்கு ரொம்பப் பக்கத்துல நின்னு கருகிப்போயி இருக்காரு. தாயி, சின்னதுல உனக்குத் தொண்டையில ஏதும் வந்துச்சா?"

பாண்டிச்செல்வி பதில் சொல்லும் முன் தாய் சொல்லிவிட்டாள். "ரெண்டாப்புலருந்து அஞ்சாப்பு வரைக்கும் மாசம் தவறாம உள்நாக்கு வீங்கும்ணே. கல்லுப்புப் போட்டுக் கொப்பளிச்சுக் கொப்பளிச்சே வளந்தவ."

"ஒட்டிருச்சு" என்றார் அவர்.

துண்டுச் சீட்டில் 'கழுத்து. தைராய்டு பார்க்கவும்' என்று எழுதிக் கொடுத்தார். குருவம்மாள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். ஆனால் அன்று ஞாயிறு. மறுநாள் திங்கட்கிழமை காலை ஏழு பதினைந்து பஸ்ஸில் மகளை ஏற்றிக்கொண்டு சாத்தூருக்குப் போனாள். புதன்கிழமை முடிவு வந்தது. இரத்தத்தில் டி.எஸ்.எச். என்று ஒன்று ஐந்துக்குள் இருக்க வேண்டுமாம், அவளுக்கு எழுபத்தொன்று. அது ஏறினால் தைராய்டு சுரப்பு மிகக் குறைவு என்று அர்த்தமாம். டாக்டர் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நாள் எப்படித் தாங்குனே?" என்று கேட்டாராம். தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. அரை மணி நேரம் டீ கூடாது. இவ்வளவுதான் வைத்தியம்.

அடுத்த மூன்று மாதத்தில் அவளை நான் தெருவில் மூன்று முறை பார்த்தேன். டிசம்பர் பத்தில் போர்வை இருந்தது. ஜனவரி ஏழில் இல்லை. பொங்கலுக்கு மறுநாள் வாசலில் பெரிய கோலமாகப் போட்டுவிட்டு, குனிந்து பார்த்து ஒரு பக்கத்தை அழித்துத் திரும்பவும் போட்டுக்கொண்டிருந்தாள்.

2024 பிப்ரவரி 25, ஞாயிற்றுக்கிழமை. நான் பேப்பரைப் பிரிப்பதற்குள் தெருமுனையிலிருந்து ஒரு குரல். "மாமா, சேவு வருது, அத்தையை ஒளிச்சு வைக்கச் சொல்லுங்க!" யாரென்று எனக்குத் தெரியவில்லை. பாண்டிச்செல்வியின் சொந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

முகம் வடிந்திருந்தது. மாசி முதல் தேதியிலிருந்து வேலைக்குப் போகிறாளாம். பெட்டி தூக்குகிறாயா என்று கேட்டேன்.

"இன்னும் இல்லை அண்ணாச்சி. லேபிள் ஒட்டுற வேலைதான். சித்திரையிலருந்து தூக்குவேன்."

குருவம்மாளுக்கு மட்டும் ஒரு சந்தேகம் மீதமிருந்தது. "ஏண்ணே, மாத்திரையை ஆயுசுக்கும் போடணும்னு டாக்டரு சொல்லுதாரு. அப்ப அந்தச் சோசியரு சொன்ன தீராத வியாதி இதுதானோ?"

"ஆயுசுக்கும்தான் சோறு திங்கோம். அது வியாதியா?"

"அப்படிச் சொல்லுதீகளா?"

"இவுக ஆயுசுக்கும் சேவு திங்காகள்ல மதினி. அதுதான் வியாதி" என்றாள் வேலுத்தாய். பாண்டிச்செல்வி சிரித்ததில் சேவுப் பொட்டலம் கையிலிருந்து நழுவிப் பாதி கீழே கொட்டிவிட்டது.

அவர்கள் போன பிறகு முனியராஜ் நீள நோட்டை எடுத்தார். பாண்டிச்செல்விக்கு முன்னால் அதில் 214 பெயர். அவர்களில் 61 பேர் திரும்பி வந்து சொல்லவில்லை. சொன்ன 153 பேரில் சரி 88, தவறு 65. இவள் 215-ஆவது. முதல் பத்தியில் 'கழுத்து' என்று இருந்தது. இரண்டாவதில் 'தைராய்டு' என்று எழுதினார். மூன்றாவது பத்திக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

"அண்ணாச்சி, அன்னைக்கு அவ தண்ணி குடிச்சப்ப மணி என்ன?"

"பத்து பன்னிரண்டு."

"அண்ணாந்து குடிக்கும்போதே கழுத்து வீங்கியிருந்ததைப் பாத்துட்டேன். எங்க அக்கா மல்லாங்கிணறுல இருக்காள்ல, அவளுக்கும் இப்படித்தான் இருந்துச்சு. கட்டத்தை நான் திருத்துனது எப்ப?"

"ஒண்ணே காலுக்கு."

"அப்ப கண்ணுதான் முன்னாடி" என்றார்.

"ஆனா கட்டத்தைத் திருத்தலைன்னா குருவம்மா பஸ் ஏறியிருக்க மாட்டாளே" என்றேன்.

"அது வாஸ்தவம். அதுக்கு இதுல பத்தி இல்லையே."

 பிறகு மூன்றாவது பத்தியில் சரி என்றும் போடவில்லை, தவறு என்றும் போடவில்லை. 'முதலில் கண்ணால் பார்த்தது. சேர்க்க வேண்டாம். ஆள் நலம்' என்று கறுப்பு மையில் எழுதினார். நோட்டை மூடிவிட்டு, கீழே கொட்டாமல் மிஞ்சியிருந்த சேவை என் பக்கம் நகர்த்தினார்.